வென்டிலேட்டர் நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் புகை: எப்போது உதவும், எப்போது உதவாது

ஐசியுவில் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமோனியா வந்துவிட்டது, ட்ரிப்ஸில் போகிற ஆன்டிபயாடிக் போதாதென்று நெபுலைசரிலும் ஒன்று கொடுக்கிறோம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போவார். நம் ஊர் வழக்கில் 'புகை வைப்பது'. வெளியே காத்திருப்பவர்கள் போனை எடுத்துத் தேடினால் குழப்பம்தான் கூடும். 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக்கைப் புகையாகக் கொடுத்ததில் பயனே இல்லை என்கிறது. 2023இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வு, அதே அமிகாசினைப் புகையாகக் கொடுத்ததில் நிமோனியா குறைந்தது என்கிறது.

இரண்டுமே ஒழுங்காக நடந்த ஆய்வுகள். முதலாவதில் நிமோனியா வந்தபிறகு மருந்து கொடுத்தார்கள், இரண்டாவதில் வருவதற்கு முன்பே கொடுத்தார்கள். அந்த ஒரு வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு வலு என்பதுதான் விஷயம். அதற்குத் தொண்டையில் இருக்கும் ட்யூபிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

## ட்யூப் செய்கிற வேலை

ட்யூப் போட்டு 48 மணி நேரம் கழிந்தபிறகு வருகிற நிமோனியாவைத்தான் வென்டிலேட்டர் நிமோனியா என்கிறார்கள். பெயரில் பழி மெஷின் மேல் விழுகிறது, ஆனால் பெரும்பாலும் குற்றவாளி ட்யூப்.

நமக்கெல்லாம் எச்சில் தப்பி மூச்சுக்குழாய்க்குள் போனால் உடனே புரையேறி இருமிவிடுவோம். ட்யூப் போட்டு மயக்கத்தில் வைத்திருப்பவருக்கு அந்த இருமல் இல்லை. குரல்வளை மூட முடியாமல் ட்யூபைச் சுற்றித் திறந்தே கிடக்கிறது. ட்யூபின் கீழ்முனைக்குச் சற்று மேலே ஒரு சின்ன பலூன் ஊதி வைத்திருப்பார்கள், அதன் மேல் வாயிலிருந்து இறங்கும் எச்சிலும் வயிற்றிலிருந்து ஏறும் திரவமும் குளம்போலத் தேங்கும். பலூன் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அதன் மடிப்புகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியத்தான் செய்யும். போதாக்குறைக்கு, ட்யூபின் உள்சுவரில் கிருமிகள் பாசிபோல ஒரு படலம் கட்டிக்கொள்ளும்.

இப்படி இறங்கும் கிருமிகள் ஐசியுவிலேயே பழம்தின்று கொட்டை போட்டவை: சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர், க்ளெப்சியெல்லா, சில சமயம் ஸ்டாஃபிலோகாக்கஸ். இவற்றில் முதல் மூன்றும் கிராம் நெகட்டிவ் எனப்படும், வெளியே கூடுதலாக ஒரு சவ்வு போர்த்திய பாக்டீரியா வகை, இந்தக் கட்டுரையின் தலைவலி அவைதான். நம் பக்கத்தில் இந்தத் தலைவலி எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு குறிப்பு: என்டிஎம்-1 என்ற, கிருமி மருந்தை எதிர்க்க உதவும் என்சைம் உலகம் முழுக்கச் செய்தியானது 2010இல் லான்செட் குழும இதழில் வந்த ஒரு கட்டுரையால், அதில் சென்னையிலிருந்து மட்டும் அந்த என்சைம் உள்ள 44 கிருமி மாதிரிகள் இருந்தன. கார்பபெனம் என்கிற, ஒரு காலத்தில் கடைசி ஆயுதமாக இருந்த மருந்துகளை அது வெட்டிப்போட்டுவிடும்.

## ட்ரிப்ஸில் கொடுத்தால் போதாதா?

பல மருந்துகளுக்குப் போதும். கார்பபெனம் வகையைச் சேர்ந்த மெரோபெனம் மாதிரி ஒரு மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்றால் புகையைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. சிக்கல், சளியில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மருந்துக்கு நேரேயும் 'ரெசிஸ்டன்ட்' என்று வரிசையாக வந்து, கடைசியில் அமிகாசினோ கோலிஸ்டினோ மட்டும் மிஞ்சும்போது வருகிறது. இந்த இரண்டு மருந்துக்கும் பொதுவாக இரண்டு குறைகள்.

1. ரத்தத்திலிருந்து நுரையீரலின் காற்றறைகளுக்குள் சரியாக இறங்காது. கொழுப்பில் கரையாத, மின்னேற்றம் கொண்ட மூலக்கூறுகள், செல் சவ்வுகளைத் தாண்டத் தடுமாறும்.
2. ரத்தத்தில் அளவைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்றால் கிட்னி தாங்காது. அமிகாசின் காதையும் சேர்த்துக் கெடுக்கும்.

கோலிஸ்டினின் கதையே இதற்குச் சாட்சி. 1940களின் கடைசியில் ஜப்பானில் கண்டுபிடித்த மருந்து, கிட்னியைக் கெடுக்கிறது என்று 1970களில் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். வேறு எதுவும் வேலை செய்யாத நிலை வந்தபிறகு மறுபடி இறக்கித் தூசி தட்டி எடுத்தார்கள். கோழித் தீவனத்தில் அதைக் கலப்பதை இந்தியா 2019இல் தடைசெய்தது இந்தக் கடைசி மருந்தையாவது காப்பாற்றத்தான்.

ஆக, மருந்தை ரத்தத்தின் வழியாகச் சுற்றவிடாமல் நேராக நுரையீரலுக்கே அனுப்பினால் என்ன என்ற யோசனை இயல்பாக வந்தது. கணக்கும் பிரமாதமாக இருக்கிறது. ஆய்வகத் தட்டில் சூடோமோனாஸை அடக்க ஒரு மி.லி.க்கு 8, 16 மைக்ரோகிராம் அமிகாசின் போதும் என்றால், புகையாகக் கொடுத்தபிறகு உறிஞ்சி எடுத்த சளியில் ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் இருக்கும். ரத்தத்தில் பார்த்தால் சொற்பம். நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில், அமிகாசின் வகையைச் சேர்ந்த டோப்ராமைசின் புகை நன்றாக வேலை செய்தது, 1997இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் கிடைத்தது. அங்கே ஜெயித்தது இங்கேயும் ஜெயிக்கும் என்று நம்பியதில் தப்பில்லை.

ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளி உட்கார்ந்து, தானே இழுத்து மூச்சுவிடுபவர். அவருடைய கிருமி பெரும்பாலும் மூச்சுக்குழாய்களில் குடியிருக்கிறது, புகை முதலில் போய்ச் சேரும் இடமும் அதுதான். நிமோனியா அதற்கும் கீழே, காற்றறைகளில் இருக்கிறது.

## கப்பிலிருந்து காற்றறை வரை

நெபுலைசர் கப்பில் ஊற்றுகிற மருந்தில் எவ்வளவு உள்ளே போகிறது? எங்கெங்கே சிந்துகிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. கருவி. வீட்டில் ஆஸ்துமாவுக்கு வைக்கிற, காற்றழுத்தத்தில் ஓடும் சாதாரண நெபுலைசர் வென்டிலேட்டரில் போட்டால், ஊற்றியதில் 15 சதவீதம்கூட நுரையீரலுக்குப் போவது கஷ்டம். கப்பின் அடியிலேயே கொஞ்சம் தங்கிவிடும். அதுபோக அதன் காற்று வென்டிலேட்டரின் காற்றோடு கலந்து, மெஷின் போட்டிருக்கும் மூச்சு அளவையும் குழப்பும். அதிரும் சல்லடை வகை வேறு மாதிரி: சுமார் ஆயிரம் நுண்துளைகள் உள்ள ஒரு சின்னத் தகடு நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல் அதிர்ந்து, மருந்தைத் துளித்துளியாகப் பிழிந்து தள்ளும். கப்பில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. நல்ல ஆய்வுகள் பலவும் இதைத்தான் பயன்படுத்தின.

2. துளியின் அளவு. 1 முதல் 5 மைக்ரான் வரை இருந்தால்தான் ஆழமாகப் போகும். பெரிதாக இருந்தால் ட்யூபிலும் பெரிய குழாய்களிலும் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

3. ஈரம். வென்டிலேட்டர் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தி அனுப்பும். அந்த ஈரத்தைக் குடித்துத் துளிகள் பருத்துவிடும். அதனால் சில இடங்களில் புகை வைக்கும் நேரத்துக்கு ஈரமூட்டியை அணைப்பார்கள். முடிந்தபிறகு திரும்பப் போட மறந்தால் சளி காய்ந்து ட்யூபே அடைத்துக்கொள்ளும், இது சின்ன விஷயமில்லை. ஈரமூட்டிக்குப் பதில் ட்யூப் வாயில் மாட்டும் ஃபில்டர் இருந்தால் அதைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றாமல் புகை வைத்தால் மருந்து முழுக்க ஃபில்டருக்குத்தான் போகும், நோயாளிக்குப் போகாது.

4. மெஷின் செட்டிங். காற்று வேகமாகப் பாய்ந்தால் சுழல் உண்டாகி துளிகள் குழாய்ச் சுவரில் அடிபடும். மெதுவாக உள்ளே விட்டு, மூச்சு முடிவில் சற்று நிறுத்திப் பிடித்தால் கீழே படிய நேரம் கிடைக்கும். ஆனால் மூச்சுத்திணறலில் இருப்பவர் மெஷினோடு மல்லுக்கட்டுவார், அவரை அமைதிப்படுத்தக் கூடுதல் மயக்க மருந்து போட வேண்டிவரும். மயக்கம் கூடினால் ட்யூப் எடுக்கிற நாள் தள்ளிப்போகும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று இடறும்.

5. சளி. அமிகாசினும் கோலிஸ்டினும் நேர்மின்னேற்றம் கொண்டவை. கெட்டிச் சளியில் இருக்கும் மியூசின் என்ற பசைப்பொருளும் செத்த செல்களின் டிஎன்ஏவும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சளியில் ஆயிரக்கணக்கில் மைக்ரோகிராம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டோமே, அதில் பெரும்பகுதி இப்படிக் கட்டுண்டு கிடப்பது. கிருமியைத் தொடும் நிலையில் சுதந்திரமாக இருப்பது கொஞ்சம்தான்.

இந்த ஐந்தையும் தாண்டினாலும் ஆறாவதாக ஒன்று இருக்கிறது, என் கணிப்பில் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. புகை காற்றோடு போகிறது. காற்று எங்கே போகுமோ அங்கேதான் புகையும் போகும். நிமோனியா வந்த பகுதியில் காற்றறைகள் சீழாலும் திரவத்தாலும் நிரம்பிக் கெட்டியாகிவிடும், எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டாகத் தெரிவது அதுதான். அங்கே காற்று போவதில்லை. அதனால் மருந்து அதிகமாகப் படிவது நன்றாக இருக்கும் பகுதியில், குறைவாகப் படிவது நோய் இருக்கும் பகுதியில். ஊரெல்லாம் மழை பெய்து நம் வயலில் மட்டும் தூறல் விழுந்த கதை.

ட்யூபிலிருந்து உறிஞ்சி எடுத்த சளியில் மருந்தின் அளவைப் பார்த்து ஏமாந்தது இதனால்தான். அந்தச் சளி பெரும்பாலும் மேல் குழாய்களிலிருந்து வருவது, அங்கே மருந்து குவிந்துதான் இருக்கும்.

## வந்தபிறகு கொடுத்த ஆய்வுகள்

2017இல் வெளியான ஐயாசிஸ் ஆய்வில் 143 பேர். அமிகாசினும் ஃபாஸ்ஃபோமைசினும் கலந்த புகை ஒரு பிரிவுக்கு, வெறும் உப்புநீர்ப் புகை இன்னொரு பிரிவுக்கு, இரு பிரிவுக்கும் ட்ரிப்ஸில் வழக்கமான ஆன்டிபயாடிக். மருந்துப் புகை பெற்றவர்களின் சளியில் கிருமி குறைந்தது. ஆனால் நோய் சீக்கிரம் தெளியவும் இல்லை, உயிரிழப்பு குறையவும் இல்லை.

அதைவிடப் பெரியது 2020இல் வெளியான இன்ஹேல் ஆய்வு. 725 பேர் சேர்க்கப்பட்டார்கள். அமிகாசின் 400 மி.கி. தினம் இருவேளை, 10 நாள், அதற்கென்றே வடிவமைத்த கருவியில். கிராம் நெகட்டிவ் கிருமி உறுதியான 508 பேரில் ஒரு மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மருந்துப் பிரிவில் 75 சதவீதம், உப்புநீர்ப் பிரிவில் 77 சதவீதம். நல்ல கருவி, நல்ல அளவு, நிறைய பேர், ஆனாலும் வித்தியாசம் இல்லை.

கோலிஸ்டினிலும் இதே சித்திரம்தான். பாங்காக்கின் சிரிராஜ் மருத்துவமனையில் 100 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், புகை சேர்த்தவர்களின் சளியில் கிருமி அதிகம் ஒழிந்தது. நோய் தேறியது இரு பிரிவிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு.

கல்ச்சர் சுத்தமாகிறது, ஆள் தேறுவதில் மாற்றமில்லை. கல்ச்சர் மேல்குழாயைப் பேசுகிறது, நோய் கீழே கெட்டியாகிப்போன இடத்தில் இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் ட்ரிப்ஸில் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அது வேலை செய்கிறவர்களிடம் புகை கூடுதலாகச் சாதிக்க அதிகம் மிச்சமில்லை.

## வருமுன் கொடுத்த ஆய்வு

2023இல் வெளியான அமிகின்ஹால் ஆய்வு பிரான்ஸில் 19 ஐசியுக்களில் நடந்தது. குறைந்தது மூன்று நாள் வென்டிலேட்டரில் இருந்த, ஆனால் நிமோனியா இன்னும் வராத சுமார் 850 பேர். ஒரு பிரிவுக்கு அமிகாசின் புகை, கிலோவுக்கு 20 மி.கி. வீதம் தினம் ஒருவேளை, மூன்றே நாள். இங்கே கிலோ என்பது உயரத்தை வைத்துக் கணக்கிடும் உகந்த எடை, 70 கிலோ என்றால் 1400 மி.கி. நம் ஊர் 500 மி.கி. மருந்துக் குப்பிகளில் கிட்டத்தட்ட மூன்று.

28 நாளுக்குள் நிமோனியா வந்தது மருந்துப் பிரிவில் 15 சதவீதம் பேருக்கு, உப்புநீர்ப் பிரிவில் 22 சதவீதம் பேருக்கு. சுமார் 14 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு நிமோனியா தவிர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன வழியை நினைத்துப் பார்த்தால் இது ஏன் என்று விளங்கும். நிமோனியா வராதவரின் நுரையீரல் பெரும்பகுதி திறந்தே இருக்கிறது, காற்று போகிறது, புகையும் கூடவே போகிறது. சளியும் இன்னும் கெட்டியாகவில்லை. கிருமி ட்யூபிலும் மேல்குழாய்களிலும் கொஞ்ச எண்ணிக்கையில்தான் இருக்கிறது, மருந்து குவிகிற இடமும் அதுவே. வந்தபின் கொடுத்ததில் பலவீனமாக இருந்த அதே குணம், வருமுன் கொடுத்ததில் பலமாகிவிட்டது.

அப்படியானால் எல்லா ஐசியுவிலும் ஏன் இதை வழக்கமாக்கவில்லை? நிமோனியா குறைந்ததே தவிர உயிரிழப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கப் போதுமான ஆட்களும் ஆய்வில் இல்லை. அமிகாசினை ஏற்கெனவே எதிர்க்கும் கிருமிகள் நிறைந்த ஐசியுவில் இதே பலன் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது, பிரான்ஸின் கிருமி நிலவரம் வேறு, நம்முடையது வேறு.

பழைய பயம் ஒன்றும் இருக்கிறது. 1970களில் பாஸ்டனில் ஒரு சுவாச ஐசியுவில், வருகிற நோயாளிகளுக்கெல்லாம் கோலிஸ்டினின் சகோதரனான பாலிமிக்சினைத் தொடர்ந்து புகையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1975இல் முடிவு வெளியானது: சூடோமோனாஸ் குறைந்தது, ஆனால் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன, அவற்றால் நிமோனியா வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அதற்கப்புறம் பல வருஷம் யாரும் இந்தப் பக்கமே வரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் மூன்று நாளோடு நிறுத்தியதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## புகைதானே என்று விட முடியாது

மூச்சுக்குழாய் சுருங்கி ஆக்சிஜன் இறங்குவது சாதாரணமாக நடக்கக்கூடியது, அதனால் பக்கத்தில் ஆள் இருந்து பார்க்க வேண்டும். ஊசிக்காகத் தயாரித்த அமிகாசினில் மெட்டாபைசல்ஃபைட் என்ற பதப்பொருள் பல சமயம் இருக்கும், அதுவே சிலருக்கு மூச்சை இறுக்கும்.

வெளிமூச்சுப் பக்கத்து ஃபில்டர் இன்னொரு கண்ணி. நோயாளி வெளிவிடும் காற்றில் மிச்ச மருந்து வந்து அந்த ஃபில்டரில் படியும். ஈரமும் மருந்தும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் காற்று வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அழுத்தம் ஏறும். பிரான்ஸில் நடந்த ஓர் ஆய்வில் மூன்று பேருக்கு ஃபில்டர் அடைத்து, அவர்களில் ஒருவருக்கு இதயமே நின்றுபோனது. ஒவ்வொரு முறை புகை முடிந்ததும் ஃபில்டரை மாற்றச் சொல்வது அதனால்தான்.

கோலிஸ்டினில் அளவுக் குழப்பம் தனி. மருந்துக் குப்பியில் 10 லட்சம் யூனிட் என்று போட்டிருக்கும், அதுவே சோடியம் உப்பாக 80 மி.கி., அசல் மருந்தான கோலிஸ்டின் பேஸ் கணக்கில் சுமார் 30 மி.கி. ஒரே பொடிக்கு மூன்று எண்கள். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் வெறும் மி.கி. எழுதினால் இரண்டரை மடங்கு தப்பாகப் போக வாய்ப்பிருக்கிறது. கலந்து வைத்துவிட்டு அப்புறம் கொடுக்கலாம் என்பதும் கூடாது. கரைசலில் நேரம் போகப்போக அது நுரையீரலை நேரடியாகப் புண்ணாக்கும் வடிவத்துக்கு மாறும், முன்கூட்டியே கலந்த மருந்தைப் பயன்படுத்திய ஒரு நோயாளி இறந்தபிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது.

## அப்படியானால் நம் ஐசியுக்களில் ஏன் கொடுக்கிறார்கள்?

வழிகாட்டு நெறிகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2016இல் அமெரிக்கச் சங்கங்கள், அமிகாசின் வகைக்கோ கோலிஸ்டின் வகைக்கோ மட்டும் அடங்குகிற கிராம் நெகட்டிவ் கிருமி என்றால் ட்ரிப்ஸோடு புகையும் சேர்க்கலாம் என்றன, ஆதாரம் மிகப் பலவீனம் என்று சேர்த்தே சொன்னார்கள். அடுத்த ஆண்டே ஐரோப்பிய நிபுணர் குழு வேண்டாம் என்றது. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் பிந்தைய குறிப்புகளும் எதிர்ப்புக் கிருமிகளுக்குப் புகையைப் பரிந்துரைக்கவில்லை.

ஆனால் கட்டிலருகில் நிற்கும் டாக்டரின் நிலை வேறு. ரிப்போர்ட்டில் கோலிஸ்டின் ஒன்றுதான் மிச்சம், அது ட்ரிப்ஸில் போனால் நுரையீரலுக்குச் சரியாக இறங்காது, கிட்னியோ ஏற்கெனவே தள்ளாடுகிறது. இப்படிப்பட்ட நோயாளிகளை மட்டும் வைத்து நடந்து தீர்ப்புச் சொன்ன பெரிய ஆய்வு என்று எதுவும் இல்லை. அப்போது புகையைச் சேர்ப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ட்ரிப்ஸை நிறுத்திவிட்டுப் புகையை மட்டும் நம்புவதும், மெரோபெனத்துக்கு அடங்குகிற கிருமிக்கும் 'இதையும் போட்டுவைப்போம்' என்று சேர்ப்பதும் வேறு கதை, அவற்றுக்கு நியாயம் கிடையாது.

வீட்டுக்காரர்கள் டாக்டரிடம் சங்கடப்படாமல் கேட்கக்கூடியவை சில:

1. கல்ச்சரில் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்குகிறது?
2. ட்ரிப்ஸில் போகிற மருந்து எது, அந்தக் கிருமி அதற்கு அடங்குகிறதா?
3. புகை எத்தனை நாளைக்கு, எதைப் பார்த்து நிறுத்துவீர்கள்?
4. கிட்னிக்கான கிரியாட்டினின் தினமும் பார்க்கிறீர்களா?

இவற்றோடு, தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா, வாய் சுத்தம் செய்கிறார்களா, மயக்க மருந்தைத் தினமும் குறைத்துப் பார்க்கிறார்களா, ட்யூபை எப்போது எடுக்க முடியும் என்பதையும் கேளுங்கள். ட்யூப் இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பலூனின் மேல் எச்சில் தேங்கிக்கொண்டேதான் இருக்கும்.